விலை உயர்ந்த இன்-இயர்களின் ஒலியையும் பொருத்தத்தையும் ஒப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல இன்-இயர் இயர்போன்கள் கையில் இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் "இதில் எது உசத்தி?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒயர் உள்ளவற்றைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறேன்.

ஒப்பிட உட்கார்ந்தால் முதலில் எதைக் கவனிப்பது?

காதில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை. ஒலி அப்புறம்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தன் இன்-இயரை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். என்னிடம் இருந்ததைவிடப் பல மடங்கு விலை. போட்டுக் கேட்டால் மெலிந்த, வறண்ட சத்தம். பேஸ் என்ற ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. ஆறு நாள் அப்படியே கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு காசு என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதியாயிற்று. ஏழாம் நாள், திருப்பிக் கொடுக்கப் போகும் முன், ஏதோ யோசனையில் இரண்டு பக்கத்தையும் விரலால் லேசாக உள்ளே அழுத்தினேன். எங்கேயோ ஒளிந்திருந்த பேஸ் முழுவதும் அந்த நொடியில் வந்து நின்றது. விரலை எடுத்தேன், போய்விட்டது. டிப், அதாவது காதுக்குள் போகும் மென்மையான முனை, அளவு தப்பு, அவ்வளவுதான். வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குப் பெரியது என்று மாற்றியதும் ஆறு நாள் நான் திட்டிக்கொண்டிருந்த இயர்போன் காணாமல் போனது.

காரணம் எளிது. இன்-இயர் ஒலிக்க வைப்பது டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்ட கொஞ்சம் காற்றைத்தான். சுமார் ஒரு கன சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அந்த அறை இறுக்கமாக மூடியிருந்தால் ஒலியை எழுப்பும் சின்ன டிரைவர்கூட ஆழமான பேஸ் கொடுக்கும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் தாழ்ந்த அதிர்வெண்களின் அழுத்தம் அந்த வழியே கசிந்துவிடும். மிட்டும் (நடு ஒலிகள்) ட்ரெபிளும் (உச்ச ஒலிகள்) மட்டும் பெரிதாகப் பாதிக்கப்படாமல் நிற்கும். அதைக் கேட்பவருக்கு "பேஸ் கம்மி, ட்ரெபிள் கூச்சம்" என்று தோன்றும். பலர் எழுதும் மதிப்புரைகளைப் படிக்கும்போது, இவர் கேட்டது இயர்போனையா, கசிவையா என்ற சந்தேகம் எனக்கு வந்துகொண்டே இருக்கும்.

சீல், அதாவது காற்று கசியாத அந்த அடைப்பு, சரியாக விழுந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியில் 40 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓட விடுங்கள். இயர்போனை விரலால் மெல்ல அழுத்துங்கள். சத்தம் கூடினால் அதுவரை கசிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். பிறகு வாயை அகலமாகத் திறந்து மூடுங்கள், தலையை இரண்டு பக்கமும் திருப்புங்கள். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமும் மாறுகிறது. அப்போதும் அந்த முனகல் மாறாமல் இருந்தால் சரி. ஒலி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், எந்தக் காது கசிகிறது என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

போடும் முறையும் முக்கியம். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகவோ பின்னாலோ கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் வளைந்த காதுக்குழாய் சற்று நேராகும். அந்த நேரத்தில் இயர்போனை லேசாகத் திருகியபடி உள்ளே வைத்து மடலை விட்டுவிட வேண்டும்.

எந்த டிப் நல்லது?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இல்லை. ஆனால் ஒரு டிப்போடு முடிவு கட்டக் கூடாது என்பது மட்டும் உறுதி. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

சிலிக்கான் டிப்புகளில் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குவார்கள். உயரத்தையும் துளையின் அகலத்தையும் பார்க்க வேண்டும். துளை அகலமாக இருந்தால் ட்ரெபிள் பொதுவாகத் திறந்து கேட்கும். குறுகலாக இருந்தால் மேல் பகுதி கொஞ்சம் அடங்கும். டிப்பின் உயரம், இயர்போன் எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த ஆழம் மாறினால் செவிப்பறைக்கும் நாசிலுக்கும் (டிப் மாட்டும் குழல் முனை) இடையே உள்ள தூரம் மாறும். அந்த இடைவெளியில் எழும் ஒத்ததிர்வும், அதாவது ஒரு அதிர்வெண் மட்டும் மேடுபோல ஓங்கி ஒலிப்பதும், இடம் மாறும். ஆழமாகப் போகப் போக அந்த மேடு மேல் அதிர்வெண்களுக்கு நகரும். ஒருவர் "ஸ", "ஷ" எல்லாம் காதைக் கீறுகிறது என்பார், அதே இயர்போனை இன்னொருவர் வழவழப்பு என்பார். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இருவருமே உண்மை சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஃபோம் டிப்பை விரல்களுக்கு நடுவே உருட்டிச் சுருக்கி, உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் பாதியில் விட்டால் அது வெளியே வந்து விரியும். பிறகு சீலும் இல்லை, ஒன்றும் இல்லை. வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும், காதுக்கு மென்மை, ட்ரெபிளைச் சற்று உறிஞ்சும். வேர்வையிலும் அழுக்கிலும் சில மாதங்களில் தளர்ந்துவிடும் என்பதுதான் குறை. மூன்றடுக்கு டிப், 1991-இல் வந்த எட்டிமோட்டிக் ஈஆர்-4 இயர்போன் மூலம் பலருக்கு அறிமுகமானது. அதை ஆழமாகச் செருக வேண்டும். முதல் நாள் மூளைக்குள் போவது போல இருக்கும். சிலர் பழகிக்கொள்வார்கள். நான் பழகவில்லை.

இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே டிப் போட்டால்தான் நியாயம் என்று சிலர் வாதிடுவார்கள். நாசிலின் நீளமும் தடிமனும் வேறாக இருக்கும்போது ஒரே டிப் இரண்டிலும் ஒரே மாதிரி உட்காராது. ஒவ்வொன்றுக்கும் சிறப்பாகப் பொருந்தும் டிப்பைக் கண்டுபிடித்து, அந்த நிலையில் ஒப்பிடுவதே சரி என்பது என் கட்சி.

ஒரு மணி நேரத்தில் காது வலிக்கிறது. பழகிவிடுமா?

எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். குழாய்க்குள் வலித்தால் டிப் பெரியது, அல்லது நாசில் தடிமன். மடலின் கிண்ணத்தில் ஒரு புள்ளியில் வலித்தால் ஷெல்லின் (வெளிக்கூட்டின்) வடிவம் உங்கள் காதோடு சண்டை போடுகிறது. டிப்பை மாற்றினால் இயர்போன் நிற்கும் கோணம் மாறிச் சில சமயம் தப்பிக்கலாம், பல சமயம் முடியாது. பழகிவிடும் என்று மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

அளவெடுத்துச் செய்யும் கஸ்டம் இன்-இயர்தான் இறுதித் தீர்வா?

மேடைக்கு ஆம், வீட்டுக்குப் பாதி ஆம். 1990களின் நடுவில் வான் ஹேலன் ராக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி செய்து கொடுத்ததிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது. மேடையில் துள்ளினாலும் கழலக் கூடாது, வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது என்பதே அங்கே தேவை. அந்தத் தேவைக்கு இன்றும் கஸ்டமை அடிக்க ஆளில்லை.

செய்துகொள்வதாக இருந்தால் காதின் அச்சு எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி எடுக்க வேண்டும். எடுக்கும்போது பற்களுக்கு நடுவே கட்டை கொடுத்து வாயைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். பாடகருக்கு இது அவசியம், ஏனென்றால் வாய் மூடிய நிலையில் எடுத்த அச்சு, பாடும்போது கசியும். கெட்டியான அக்ரிலிக் ஷெல் அச்சில் சிறு பிழை இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். திருப்பி அனுப்பித் தேய்த்து வாங்க வேண்டிவரும்.

கஸ்டம் என்பதாலேயே ஒலி உயர்ந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சீல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழும், அதுதான் லாபம். பிடிக்கவில்லை என்றால் விற்கவும் முடியாது, அதுதான் நஷ்டம். இன்னொருவர் காது உங்கள் காது இல்லையே.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். ஒன்று தெளிவாக நன்றாக இருக்கிறது. அதை நம்பலாமா?

இரண்டின் சத்தமும் சமமாக இருந்ததா? இல்லையென்றால் நம்பாதீர்கள். இரண்டு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை நம் காது "சத்தம் அதிகம்" என்று சொல்வதில்லை. "உயிர் இருக்கிறது", "விவரம் தெரிகிறது" என்றுதான் சொல்லும். போதாக்குறைக்கு, சத்தம் கூடும்போது பேஸ் மற்றவற்றைவிட வேகமாகக் கூடுவது போலக் கேட்கும். பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட சம உரப்புக் கோடுகள் காட்டியது இதைத்தான். ஆகவே சென்சிட்டிவிட்டி (குறைந்த மின்சக்தியிலேயே உரக்க ஒலிக்கும் தன்மை) அதிகமுள்ள இயர்போன் அதே வால்யூம் எண்ணில் போட்டி தொடங்கும் முன்பே ஜெயித்துவிடும்.

ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு எளிய வழி இருக்கிறது. பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சீரான இரைச்சல்) கோப்பு ஒன்றை ஓட விட்டு முதல் இயர்போனில் வசதியான அளவு வையுங்கள். இரண்டாவதுக்கு மாறி, அதே அளவு என்று தோன்றும் வரை சரிசெய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திருப்பிச் செய்யுங்கள்: இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு. மூன்று நான்கு முறை செய்தால் எண்கள் ஓரிடத்தில் வந்து நிற்கும். சரியாக அரை டெசிபலுக்குள் வராது என்றாலும், ஒன்றும் செய்யாமல் கேட்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். அதன் பிறகு, முன்பு தெளிவாக இருந்த வித்தியாசம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். எனக்குப் பல முறை பாதிகூட மிஞ்சியதில்லை.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒப்பிடுவது இன்-இயரில் கிட்டத்தட்ட முடியாத காரியம். காதில் நுழையும்போதே எது எது என்று தோல் சொல்லிவிடும்.

என்ன கேட்டுப் பார்ப்பது?

நூறு முறை கேட்ட பாட்டு. டெமோவுக்கென்று செய்த பதிவுகள் எந்த இயர்போனிலும் பிரமாதமாகத்தான் இருக்கும்.

நான் எப்போதும் வைத்திருப்பது ஒரு மிருதங்கத் தனி. தொப்பியில் (இடது பக்கம்) விழும் "தோம்" ஒரு உருண்டையான அடியாக வந்து, கும்கியில், அதாவது கையை அழுத்தித் தேய்க்கும்போது, சறுக்கி மேலே ஏறும். பேஸ் வீங்கிய இயர்போனில் அந்தச் சறுக்கல் தெரியாது, ஒரே மொத்தையாகக் கேட்கும். வலந்தலையில் (வலது பக்கம்) "நம்" விழும்போது முதலில் விரல் தோலில் படும் அடி, அதன் பின் நடுவே பூசிய கருப்பு வட்டமான கரணையின் கணீரென்ற சுருதி. மேல் மிட்டில் மேடு அதிகமாக இருந்தால் அடி மட்டும் ஊசியாகக் குத்தும், சுருதி பின்தங்கிவிடும். ஒரே வாத்தியத்தில் அடித்தளமும் மேல்தளமும் சோதிக்கப்பட்டுவிடுகிறது. அப்புறம் ஒரு பெண் குரல், ஒரு ஆண் குரல், ஏதாவது ஒரு நெரிசலான திரைப்பாட்டு. போதும்.

ஐந்து நிமிடம் மாற்றி மாற்றிக் கேட்பது வித்தியாசத்தைக் காட்டும். எதோடு வாழ முடியும் என்பதைக் காட்டாது. அதற்கு ஒன்றை மட்டும் மூன்று நாள் போட்டுக்கொண்டு திரிந்து, பிறகு மற்றதுக்கு மாற வேண்டும்.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் அளவீட்டு வரைபடத்தைப் பார்த்தே தீர்மானிக்க முடியாதா?

முக்கால்வாசி முடியும். இணையத்தில் காணும் இன்-இயர் வரைபடங்களில் பெரும்பாலானவை ஐஇசி 60318-4 என்ற தரத்தில் அமைந்த செயற்கைக் காதில் எடுக்கப்பட்டவை. பழைய எண்ணை வைத்து "711" என்பார்கள். பேஸ் எவ்வளவு, குரல் முன்னே நிற்குமா பின்னே போகுமா என்பதை அது நன்றாகவே சொல்லிவிடும். 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அடைக்காத மனிதக் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், அது இயல்பாகவே அந்த இடத்தில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். இயர்போனைச் செருகியதும் அந்த இயற்கை ஒத்ததிர்வு இடம் மாறிவிடுவதால், இழந்ததை இயர்போனே கொடுக்க வேண்டியிருக்கிறது.

தகராறு 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். அங்கே தெரியும் கூரிய மேடு பல நேரங்களில் அளவிடும் குழாயின் ஒத்ததிர்வுதான். இயர்போனை எவ்வளவு ஆழத்தில் வைத்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து நகரும். உங்கள் காதில் அது வேறு இடத்தில் இருக்கும். ப்ரூயல் அண்ட் கேர் நிறுவனத்தின் 5128 என்ற செயற்கைத் தலை மனிதக் காதுக்கு இன்னும் நெருக்கமானது, ஆனால் இரண்டு கருவிகளின் வரைபடங்களையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஒப்பிடக் கூடாது.

வரைபடங்களில் இலக்காக ஹார்மன் கோடு என்று எல்லோரும் காட்டுவது, ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவ் தலைமையிலான குழு பலரிடம் கேட்கச் செய்து அவர்களின் விருப்பத்திலிருந்து வகுத்தது. பலருக்குப் பிடித்த சராசரி அது. உங்களுக்குப் பேஸ் கூடுதலாகத் தெரிந்தால் உங்கள் காதில் கோளாறு இல்லை.

டிரைவர் எண்ணிக்கை கூடினால் ஒலியும் கூடுமா?

கூடாது. சென்ஹைசர் ஐஇ 900-இல் இருப்பது ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் (குட்டி ஒலிபெருக்கி போன்ற வகை). 64 ஆடியோ யு12டி-யில் பக்கத்துக்குப் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற வகை டிரைவர்கள் பன்னிரண்டு. இரண்டையும் மேல்தட்டு வரிசையில்தான் வைக்கிறார்கள். காது கேட்கும் கருவியிலிருந்து வந்த ஆர்மேச்சர் சிறியது. வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள நிறைய வைக்கிறார்கள், அப்புறம் அவற்றைக் கிராஸ்ஓவர் (அதிர்வெண்களைப் பிரித்துக் கொடுக்கும் சுற்று) போட்டு ஒன்றாகப் பேச வைக்க வேண்டியிருக்கிறது. சமையலறையில் ஆள் அதிகம் என்பதற்காகக் குழம்பு ருசியாகிவிடுமா என்ன?

பொருத்தத்தில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. டைனமிக் டிரைவர் காற்றுத் துளையோடு வரும், அதனால் வெளிச்சத்தம் கொஞ்சம் உள்ளே வரலாம். சில இயர்போன்களைக் காதில் அழுத்தும்போது "கிரக்" என்று பிளாஸ்டிக் நசுங்குவது போலக் கேட்கும். அடைபட்ட காற்றழுத்தத்தில் டிரைவரின் மெல்லிய சவ்வான டயஃப்ரம் மடங்கும் சத்தம் அது. மெதுவாகச் செருகினால் குறையும். முழுக்க அடைத்தால் வரும் அழுத்த உணர்வைத் தணிக்கவே 64 ஆடியோ கழற்றி மாட்டும் அபெக்ஸ் துண்டுகளைத் தருகிறது. எம்20 போட்டால் சுமார் 20 டெசிபல் தடுப்பு, எம்15 போட்டால் சுமார் 15.

சவுண்ட்ஸ்டேஜ் (ஒலி பரந்து விரிந்து கேட்கும் உணர்வு) பெரிதாக இருக்கிறது என்கிறார்களே?

தலைக்கு வெளியே ஒரு விரற்கடை போனால் பெரிய விஷயம்.

போனில் நேராகச் செருகினால் போதுமா, தனி டிஏசி (டிஜிட்டல் ஒலியை மின்சமிக்ஞையாக மாற்றும் கருவி) வேண்டுமா?

சத்தத்துக்கு வேண்டியதில்லை. பெரும்பாலான இன்-இயர்கள் போனிலேயே காதைப் பிளக்கும். பார்க்க வேண்டியது அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது கருவியின் வெளியீட்டில் உள்ள மின்தடை. பல ஆர்மேச்சர்கள் கொண்ட ஒரு இயர்போனின் இம்பீடன்ஸ் ஓரிடத்தில் 8 ஓம், வேறோர் அதிர்வெண்ணில் 40 ஓம் என்று ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 10 ஓம் அவுட்புட் உள்ள கருவியில் செருகினால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் 5 டெசிபல் வித்தியாசம் புதிதாக நுழைந்துவிடும். 1 ஓம் கருவியில் அது 1 டெசிபலுக்கும் கீழே. இம்பீடன்ஸ் மாறாமல் நிற்கும் ஒற்றை டைனமிக்கில் இந்தச் சிக்கல் இல்லை. நீங்களும் நண்பரும் வேறு வேறு கருவியில் கேட்டுவிட்டு ஒரே இயர்போனைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள் என்றால் இதையும் ஒரு முறை பாருங்கள்.

சென்சிட்டிவிட்டி மிக அதிகமுள்ளவற்றில் பாட்டு ஓடாதபோதே "ஸ்ஸ்" என்ற இரைச்சல் கேட்கலாம். அது கருவியின் இரைச்சல், இயர்போன் அதை ஒளிக்காமல் காட்டுகிறது.

கேபிள் மாற்றினால்?

கனம், முறுக்கு, உடையில் உரசும்போது வரும் சத்தம், இவை மாறும். காதுக்கு மேலே சுற்றிப் போட்டால் உரசல் சத்தம் பாதிக்கு மேல் அடங்கும். ஒலிக்காகக் கேபிளில் பெரிய காசு போடுவதை நான் செய்ய மாட்டேன். வாங்கினால் இயர்போனில் மாட்டும் முனை எம்எம்சிஎக்ஸா, 0.78 மில்லிமீட்டர் இரண்டு-பின்னா என்று பார்த்து வாங்குங்கள்.

புதிய இயர்போனை நூறு மணி நேரம் ஓட விட்டால் ஒலி திறக்குமா?

திறப்பது நம் காதுதான். முதல் வாரத்தில் நாம் டிப்பை மாற்றுகிறோம், செருகக் கற்றுக்கொள்கிறோம், மூளை புதிய ஒலிக்குப் பழகுகிறது. பெருமை இயர்போனுக்குப் போகிறது.

ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி) போட்டால் மலிவானதும் விலை உயர்ந்ததும் ஒன்றாகிவிடுமா?

8 கிலோஹெர்ட்ஸ் வரை மிக நெருங்கிவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு காதும் ஒரு கதை என்பதால், வரைபடத்தைப் பார்த்துப் போடும் ஈக்யூ குருட்டாம்போக்கு. பேஸை ஏற்றும் முன் அதில் உள்ள ப்ரீஆம்ப் (மொத்த ஒலி) அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒலி உடையும். ஒன்று மட்டும்: கசிவை ஈக்யூவால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இன்று ஏற்றிய பேஸ் நாளை டிப் நன்றாக உட்கார்ந்ததும் மண்டையில் அடிக்கும்.

எவ்வளவு சத்தம் வரை பாதுகாப்பு?

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. ஒப்பிடும் ஆர்வத்தில் வால்யூம் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். அரை மணிக்கு ஒரு முறை கழற்றி வைத்துவிட்டு, எண்ணை ஆரம்ப இடத்துக்கு இறக்கித் தொடங்குங்கள். சீல் நன்றாக இருந்தால் பேருந்துச் சத்தத்தோடு போட்டி போட வேண்டியதில்லை, இயல்பாகவே குறைத்து வைப்பீர்கள்.

திடீரென்று ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது. போச்சா?

அவசரப்படாதீர்கள். முதலில் இயர்போன்களை இடம் வலம் மாற்றிக் காதில் போடுங்கள். இப்போதும் அதே காதில்தான் குறைவாகக் கேட்கிறது என்றால் இயர்போன் நன்றாக இருக்கிறது; காதில் அழுக்கோ சளியோ, மருத்துவரைப் பாருங்கள். குறை இயர்போனோடு மற்றக் காதுக்கு நகர்ந்தால் கேபிளைக் கழற்றிப் பக்கம் மாற்றிப் பாருங்கள். இப்போது குறை பக்கம் மாறினால் பழி கேபிளின் மேல். மாறாவிட்டால் நாசிலின் வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அங்கே மெழுகு அடைத்திருக்கும். நாசிலைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷால் கீழிருந்து தட்டி விடுங்கள். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு டிரைவருக்குள் போய்ச் சேரும். ஊசி, தண்ணீர், வாயால் ஊதுவது மூன்றும் கூடாது. வலையைக் கழற்றி மாற்றும் மாடல் என்றால் புதியது போட்டுவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.